வைத்தியர் அவைக்கு உரை அமைத்தல்

எமது கல்லூரியிற் பயின்று வெளியேறிய மாணவருட் பலர் இன்று வைத்தியராயும், தாதியராயும், பொதுச் சுகாதாரப் பரிசோதகராயும் வன்னிப் பெருநிலத்து வைத்தியசாலைகளிலே கடமையாற்றி வருகின்றனர். பட்டம் பெற்றதோடு வைத்தியனின் படிப்பு முடிந்துவிடுவதில்லை. நேற்று நன்றென்று கொள்ளப்பட்ட மருந்து இன்று தள்ளப்படுகின்றது. இன்று கொள்ளப்படுவது நாளை எவ்வாறாகுமோ அறியோம். ஆகவேதான் தொழில் புரிந்துகொண்டே கற்றற்பொருட்டுத் தொடர்கல்வி மாநாடுகள் கூட்டப்படுகின்றன. அவற்றிற் பேச அழைக்கப்பெறும் பழைய மாணவர் சிலர், தாதியர்க்கும் குடும்பநல உத்தியோகத்தர்க்கும் தமிழிலே நிகழ்த்தவேண்டிய உரையை எழுதி, சொற்பிழை நோக்கித் தருமாறு எம்மிடம் விடுப்பதுண்டு.

யாம் வைத்தியம் அறிந்தவரல்லேம். ஆசிரிய கலாசாலையிற் பெற்ற பயிற்சியும், தமிழிலக்கணத்தில் உள்ள சிறு பழக்கமுமே எமது கைம்முதல். ஆயினும், சொற்பிழை நோக்கப் புகுந்த எமக்கு, அவ்வுரைகளிற் சொல்லினும் பொருளமைதியே கூடிய கவனத்தை வேண்டி நிற்பதாகத் தோன்றிற்று. ஒன்றை நிறுவுதற்குச் சான்று காட்டுவது எப்படி, மாற்றாரின் கொள்கையை எடுத்துரைப்பது எப்படி, ஐயமுள்ள இடத்தில் ஐயத்தை வெளிப்படுத்துவது எப்படி என்பன வைத்தியனுக்கு மாத்திரம் உரிய வினாக்களல்ல. உரையாசிரியர்களும் தருக்கநூலாரும் பன்னூறு ஆண்டுகளாக அவற்றோடு மல்லாடியிருக்கின்றனர். அத்துணிவு பற்றியே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

முதலில், வன்னியிலே இவ்விடயம் ஏன் பெரிது என்பதை நோக்குதல் வேண்டும். கொழும்பில் நிகழும் ஒரு மாநாட்டில் ஒருவர் மிகைபடக் கூறினால், அதனை மறுத்துரைக்க வல்ல வேறொரு நிபுணர் அதே மண்டபத்தில் இருத்தல் கூடும். மல்லாவியிலும், செட்டிகுளத்திலும், புதுக்குடியிருப்பிலும் இரவுக் கடமையில் நிற்கும் இளவைத்தியர்க்கு அத்தகைய துணை எப்பொழுதும் வாய்ப்பதில்லை. வயலிலே கண்ணாடிவிரியன் தீண்டிய ஒருவரை உழவு இயந்திரப் பெட்டியிற் கிடத்திக் கொண்டுவருகின்றனர். அந்நேரத்தில் அவ்வைத்தியர்க்குத் துணையாவது மாநாட்டிற் கேட்டு மனத்திற் பதிந்த இரண்டொரு வாக்கியங்களே. மேடையிற் கூறிய சொல் வேறெவ்விடத்திலும் தடுத்து நிறுத்தப்படாமல் நோயாளியின் உடலைச் சென்று சேர்கின்றது.

உரை அமைப்போர் பெரும்பாலும் தலைப்பிலிருந்து தொடங்குகின்றனர். ‘பாம்புக்கடி’ என்பது தலைப்பு; வினாவன்று. தலைப்பிலிருந்து தொடங்குபவர் தமக்குத் தெரிந்தவற்றையெல்லாம் கொட்டுவர். வினாவிலிருந்து தொடங்குபவரோ கேட்போர்க்கு வேண்டியதைத் தேடுவர். யார்க்கு, எதைச் செய்தால், எதைச் செய்யாதுவிடுவதினும், என்ன நன்மை என்று நான்கு உறுப்பும் அமைய வினவுதல் வேண்டும். ‘பாம்பு தீண்டியவர்க்கு எதிர்நஞ்சு ஏற்றுமுன் யாதேனும் மருந்து கொடுத்தால், ஒன்றும் கொடாதுவிடுவதினும், ஒவ்வாமை குறையுமா?’ என்பது வினா.

இவ்வினாவின் வரலாறு எமது நாட்டிலேயே நிகழ்ந்தது. எந்த உரைக்கும் மாதிரியாகக் கொள்ளத்தக்கது. இலங்கையிற் பயன்படும் எதிர்நஞ்சு இந்தியாவிலே குதிரையின் குருதிநீரிலிருந்து செய்யப்படுவது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு அது மாற்றாகும். விலங்கின் புரதமாதலால் அதனை ஏற்றும்போது சிலர்க்குத் தோல் தடிப்பும், மூச்சுத் திணறலும், குருதியமுக்க வீழ்ச்சியும் உண்டாகின்றன. உயிர்காக்கும் மருந்தே உயிர்க்கு இடராகின்றது. இதனைத் தடுத்தற்கு ஐதரோகோட்டிசோன், புரோமெதசின் முதலியவற்றை முன்னரே செலுத்தும் வழக்கம் பல வைத்தியசாலைகளில் இருந்தது. ஒவ்வாமையை அடக்கும் மருந்து ஒவ்வாமையைத் தடுக்கும் என்பது எவர்க்கும் பொருத்தமாகவே தோன்றும்.

களனிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அசித்த டி சில்வாவும் அவர் குழுவினரும் இவ்வழக்கத்தை ஆய்வுக்குட்படுத்தி, 2011ஆம் ஆண்டிற் பெறுபேற்றை வெளியிட்டனர். இலங்கையின் மூன்று வைத்தியசாலைகளிற் பாம்புக்கடிக்கு எதிர்நஞ்சு பெற்ற 1,007 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். அதிரினலின் சிறிதளவு, ஐதரோகோட்டிசோன், புரோமெதசின் என்னும் மூன்றும் தனித்தும் சேர்த்தும் கொடுக்கப்பட்டன. ஒரு பகுதியினர்க்கு மருந்துபோலத் தோன்றும் வெறும் நீர் கொடுக்கப்பட்டது. யார்க்கு எது என்பது சீட்டுக் குலுக்கினாற்போலத் தற்செயலால் முடிவாயிற்று. நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்வையிட்ட வைத்தியர்க்கும் தெரியாது. அவர்களுள் 752 பேர்க்கு, அஃதாவது நால்வரில் மூவர்க்கு, ஏதோவொரு வகையான ஒவ்வாமை ஏற்பட்டது. அதிரினலின் கடுமையான ஒவ்வாமையை முதல் ஒரு மணித்தியாலத்தில் 43 வீதமும், 48 மணித்தியாலம்வரை நோக்கின் 38 வீதமும் குறைத்தது. ஐதரோகோட்டிசோனும் புரோமெதசினும் குறைக்கவில்லை. அதிரினலினோடு ஐதரோகோட்டிசோனைச் சேர்த்தபோது அதிரினலினால் விளைந்த பயனும் இல்லாதொழிந்தது. நன்மை செய்யும் என்று நம்பிக் கொடுத்த மருந்து, நன்மையை அழிக்கும் மருந்தாகவும் இருக்கலாம் என்பதை இவ்வாய்வின்றி எவர் அறிந்திருப்பர்?

சைவசித்தாந்த நூல்களைப் பயின்றோர் அளவைகள் மூன்று என்பதை அறிவர்: காட்சி, கருதல், உரை. வைத்தியர் கையாளும் சான்றுகளையும் இம்மூன்றிலும் அடக்கிக் காணலாம் என்பது எமது எண்ணம். ‘எனது வாட்டிலே பத்துப் பேர்க்குக் கொடுத்தேன், பத்துப் பேரும் பிழைத்தனர்’ என்பது காட்சி. ‘இம்மருந்து ஒவ்வாமையை அடக்குவது, ஆதலால் இங்கும் அடக்கும்’ என்பது கருதல். ‘எமது பேராசிரியர் இவ்வாறே கற்பித்தார்’ என்பது உரை. மூன்றும் அளவைகளே, ஆனால் மூன்றிலும் குற்றம் புகும் வாயில் உண்டு. பத்துப் பேரும் மருந்தின்றியே பிழைத்திருப்பாரோ என்பதைக் காட்சி கூறாது. உடலின் இயக்கம் நாம் கருதியதினும் சிக்கலானது என்பதைக் கருதல் அறியாது. பேராசிரியர்க்கும் ஒரு பேராசிரியர் இருந்தார் என்பதை உரை மறந்துவிடும். சீட்டுக் குலுக்கி இரு திறத்தாராகப் பிரித்து ஒப்புநோக்கும் ஆய்வு, காட்சியளவையைக் குற்றம் நீக்கித் தூய்மை செய்வதற்கு மனிதர் கண்ட வழியேயன்றி வேறன்று. 1747ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர் பன்னிரண்டு மாலுமிகளை இவ்விருவராகப் பிரித்து, வெவ்வேறு பொருள்களைக் கொடுத்து, தோடம்பழமும் எலுமிச்சையும் உண்டவரே சொறிகரப்பான் நோயிலிருந்து விரைந்து மீண்டனர் எனக் கண்டது இம்முறைக்கு முன்னோடியாகும்.

கருதலளவை தனித்து நின்று தோற்றமைக்கு இன்னும் ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். இருதயத்தின் துடிப்புப் பிறழ்வை அடக்கும் சில மருந்துகள் மாரடைப்பு வந்தோர்க்கு நீண்ட ஆயுளைத் தரும் என எண்ணி அமெரிக்காவிற் பரவலாகக் கொடுத்து வந்தனர். துடிப்பு உண்மையிலேயே சீராயிற்று. 1989ஆம் ஆண்டிற் பெருமுயற்சியோடு நடந்த ஆய்வின் பெறுபேறு வெளிவந்தபோது, அம்மருந்தை உண்டவரே கூடுதலாக இறந்தமை தெரிந்தது. மின்வரைபடத்திற் கோடு அழகாக அமைந்தது, நோயாளி இறந்தார். ஆகவே உரையாற்றுவோர் ‘குருதியில் அளவு குறைந்தது’, ‘படத்தில் நிழல் மறைந்தது’ என்பவற்றோடு நின்றுவிடாது, நோயாளி எழுந்து நடந்தாரா, வீடு சென்றாரா என்பதைத் தேடிக் கூறுதல் வேண்டும்.

இனி, சான்றுகள் தம்முள் மாறுபடும் இடம். இங்கேதான் உரையாற்றுவோரின் நேர்மை சோதனைக்குள்ளாகின்றது. அலரி நஞ்சேறியவர்க்குக் கரித்தூளை மீண்டும் மீண்டும் கொடுத்தால் நன்மை உண்டா என 401 பேரிடத்து இலங்கையில் நடந்த ஓர் ஆய்வு 2003ஆம் ஆண்டில் வெளிவந்தது. மீண்டும் மீண்டும் கரி கொடுக்கப்பெற்ற 201 பேருள் ஐவரும், அவ்வாறு கொடுக்கப்பெறாத 200 பேருள் பதினாறு பேரும் இறந்தனர். நன்மை வெளிப்படை எனத் தோன்றிற்று. 2008ஆம் ஆண்டிலே, பலவகை நஞ்சும் ஏறிய 4,632 பேரை மூன்று வைத்தியசாலைகளிற் சேர்த்து நடத்திய பேராய்வு வெளிவந்தது. கரி பெறாதவருள் 6.8 வீதமும், ஒருமுறை பெற்றவருள் 7.1 வீதமும், பலமுறை பெற்றவருள் 6.3 வீதமும் இறந்தனர். இவ்வேறுபாடு தற்செயலால் நிகழக்கூடிய அளவினதே. நஞ்சின் வகையைத் தனித்தனியே பிரித்து நோக்கியபோதும் பயன் காணப்படவில்லை. கரியைப் புகழ விரும்புவோர் முதலாவது ஆய்வை மட்டும் திரையிற் காட்டலாம். இகழ விரும்புவோர் இரண்டாவதை மட்டும் காட்டலாம். இருவரும் பொய் கூறியவராகார். ஆயினும் இருவர் உரையும் அவையை ஏமாற்றுவதேயாகும். இரண்டையும் அருகருகே வைத்து, எது பெரிது, நோயாளிகள் எவ்வாறு வேறுபட்டனர், எவ்வளவு நேரங்கழித்து வந்தனர், வைத்தியசாலையின் ஏனைய கவனிப்பு எவ்வாறிருந்தது என வினவி, தம் முடிபையும் அம்முடிபின் உறுதிப்பாட்டையும் கூறுபவரே உரையாசிரியர் என்னும் பெயர்க்கு உரியவர்.

எம்முன்னோர் இதற்கு ஒரு முறை வகுத்திருந்தனர். அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தார். பிறர் மதத்தை முதலில் எடுத்துரைத்து, அதன் பின்னரே அதனை மறுத்து, பின்பு தம் மதத்தை நிறுவுதல் அவர் கொண்ட நெறி. எதிர்க்கொள்கையைக் கூறும்போது அக்கொள்கையுடையவர் கேட்டிருந்தாலும் ‘ஆம், இதுவே எமது கொள்கை’ என உடன்படுமாறு கூறுதல் வேண்டும். வலுவிழந்த வைக்கோற் பொம்மையைச் செய்து வைத்து அதனை வெட்டிச் சாய்ப்பது வீரமன்று. வைத்தியர் அவையிலும் பரபக்கத்துக்கு ஓரிடம் ஒதுக்கப்பெறல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

ஒருவர் வேண்டுமென்றே மறையாவிடினும் சான்று தானாகவே மறைந்துகிடத்தலும் உண்டு. மனச்சோர்வுக்குரிய மருந்துகளைப் பற்றி அமெரிக்க அரசின் மருந்து நிருவாகத்திற் பதிவான 74 ஆய்வுகளை ஒருவர் குழு தேடியெடுத்து, சஞ்சிகைகளில் வெளியான கட்டுரைகளோடு ஒப்பிட்டு 2008ஆம் ஆண்டில் வெளியிட்டது. அவற்றுள் 38 ஆய்வுகள் மருந்துக்குச் சாதகமானவை. அவற்றுள் 37 அச்சேறின. எஞ்சிய 36 ஆய்வுகள் சாதகமற்றவை அல்லது ஐயத்திற்கிடமானவை. அவற்றுள் 22 அச்சேறவேயில்லை, 11 சாதகமானவைபோலத் தோன்றுமாறு எழுதப்பட்டன. சஞ்சிகைகளை மட்டும் படித்த வைத்தியர், எத்துணை உழைத்துப் படித்திருப்பினும், வென்றவரின் சாட்சியத்தையே கேட்டவராவர். ஆய்வு தொடங்குமுன்னரே அதனைப் பகிரங்கமாகப் பதிவுசெய்துவிட்டால் இம்மறைப்பு அரிதாகும். இலங்கை மருத்துவச் சங்கம் 2006ஆம் ஆண்டில் அத்தகைய பதிவேட்டைத் தொடங்கியமை பாராட்டுக்குரியது. உரை அமைப்போர் சஞ்சிகையோடு பதிவேட்டையும் புரட்டி, தொடங்கி முடியாமற்போன ஆய்வுகள் உளவா என்று பார்த்தல் நன்று.

வீதக்கணக்கைப் பற்றி ஒரு சொல். மேலே, அதிரினலின் 43 வீதம் குறைத்தது என்றோம். எதிலிருந்து 43 வீதம்? நூற்றுவருள் நாற்பதின்மர்க்கு வரக்கூடியது இருபத்துமூவராகக் குறைந்தாலும் ஏறத்தாழ 43 வீதமே. ஆயிரவருள் எழுவர்க்கு வருவது நால்வராகக் குறைந்தாலும் 43 வீதமே. முன்னையதில் நூற்றுவர்க்கு மருந்து கொடுத்தாற் பதினெழுவர் பயன்பெறுவர். பின்னையதில் ஆயிரவர்க்குக் கொடுத்தால் மூவரே பயன்பெறுவர். விற்பனையாளர் வீதத்தை மட்டும் கூறுவர். நன்மையை வீதத்திலும் தீமையை எண்ணிலும் கூறுவது அவரது மற்றொரு கைத்திறன். 1995ஆம் ஆண்டு ஒக்டோபரில் இங்கிலாந்திலே, சில கருத்தடை மாத்திரைகள் குருதிக்கட்டி ஏற்படும் ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என அறிவிக்கப்பட்டது. இரட்டிப்பு என்பது உண்மையே: ஏழாயிரவருள் ஒருவர் என்றிருந்தது ஏழாயிரவருள் இருவர் என்றாயிற்று. இவ்வெண்களைக் கூறாமல் இரட்டிப்பு என்று மட்டும் கூறியதனால் பெண்கள் அஞ்சி மாத்திரையைக் கைவிட்டனர். அடுத்த ஆண்டிலே கருக்கலைப்புகள் ஏறத்தாழ 13,000 மிகுந்தன எனக் கணித்துள்ளனர். கணக்குப் பிழையன்று, கூறிய முறையே பிழை. எமது கணித ஆசிரியர்கள் இவ்வெடுத்துக்காட்டை வகுப்பிலே கையாண்டால் நன்றாகும்.

இதுவரை விடை கிட்டிய வினாக்களைப் பற்றிக் கூறினோம். விடை கிட்டாத வினாவைப் பற்றிப் பேசுதல் இன்னும் கடினமானது. வவுனியா மாவட்டத்தின் சில பகுதிகளில், வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கவனிக்கப்பட்ட அதே சிறுநீரக நோய் காணப்படுகின்றது. நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் இல்லாத உழவரையே அது பெரிதும் பற்றுகின்றது. காரணம் இன்னதென முடிவாகாமையால் ‘காரணம் அறியாச் சிறுநீரக நோய்’ என்பதே அதன் பெயராயிற்று. கட்மியம் என்றனர் சிலர். ஆசனிக்கு என்றனர் சிலர். கிணற்று நீரின் வன்மையும் புளோரைட்டும் என்றனர் வேறு சிலர். களைநாசினியான கிளைபொசேற்று வன்னீரோடு சேர்ந்து தீங்கு செய்கின்றது என்னும் கருதுகோள் 2014ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெயிலில் நீரருந்தாது உழைத்தலே காரணம் என்போரும் உளர். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டத் தொழிலாளரிடத்தும் இதையொத்த நோய் உண்டு என்பது கடைசியாகக் கூறியவர்க்குத் துணை. கிளைபொசேற்று 2015ஆம் ஆண்டில் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டது. 2018ஆம் ஆண்டில் தேயிலைக்கும் இறப்பருக்கும் தடை தளர்த்தப்பட்டது. அரசின் தடை ஓர் ஆட்சி முடிபு. அது காரணத்துக்குச் சான்றாகாது. தடை தளர்ந்தமையும் குற்றமின்மைக்குச் சான்றாகாது.

இந்நோயைப் பற்றி உரையாற்றுவோர் ஒவ்வொருவர்க்கும் ஒரு விருப்பமான காரணம் உண்டு. உரங்களை வெறுப்பவர் உரத்தையும், அந்நியக் கம்பனிகளை வெறுப்பவர் கம்பனியையும் குற்றஞ்சாட்டுவர். அவ்வெறுப்பு நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் அது சான்றன்று. அவையிலிருக்கும் குடும்பநல உத்தியோகத்தர் மறுநாட் காலையிலே செட்டிகுளத்துப் படலையொன்றைத் திறந்துகொண்டு செல்லும்போது, ‘பிள்ளை, இந்தக் கிணற்றுத் தண்ணியைக் குடிக்கலாமோ?’ என்று ஒரு தாய் கேட்பாள். நிறுவப்படாத காரணத்தை நிறுவப்பட்டதுபோலக் கேட்டு வந்தவர், நிறுவப்படாத விடையையே அத்தாய்க்குக் கூறுவார். அவள் கிணற்றை மூடிவிட்டுக் காசுக்கு நீர் வாங்குவாள். அல்லது நோய்க்குரிய பரிசோதனையைச் செய்யாது காலங்கழிப்பாள். ‘காரணம் முடிவாகவில்லை, ஆயினும் ஆண்டுக்கொருமுறை குருதியையும் சிறுநீரையும் சோதித்தாற் காலத்தோடு கண்டறியலாம், வெயில் வேலையில் நீரருந்துதல் எவ்வகையிலும் தீதாகாது, தூய்மை செய்த நீர் கிடைக்குமாயின் அதனைக் கொள்ளுதலும் நன்றே’ என்று அறிந்ததையும் அறியாததையும் வேறுபிரித்துக் கூறுதல் மேடைக்கு அழகு குறைவுதான். அவையோர் கைதட்டமாட்டார்கள்.

கைதட்டுப் பெறுவது எது என்பதை நாடு 2020ஆம் ஆண்டு டிசம்பரிலே கண்டது. கொள்ளைநோய்க்கு மாற்று என்று கூறப்பட்ட ஒரு பாணியைப் பெறுதற்குக் கேகாலையிலே ஆயிரக்கணக்கானோர் தோளோடு தோள் உரச நெருங்கி நின்றனர். நோயைப் பரப்புதற்கு அதனினும் நல்ல ஏற்பாட்டை எவரும் செய்திருக்க முடியாது.

மாநாட்டின் செலவை யார் ஏற்கின்றனர் என்பது பேசுதற்குக் கூச்சமான பொருள். ஆயினும் பேசியே ஆகவேண்டும். மண்டபத்துக்கும் மதியபோசனத்துக்கும் பைக்கும் பேனைக்கும் மருந்துக் கம்பனிகள் பணம் கொடுப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். ‘ஒரு பேனைக்காகவா நான் மருந்தை மாற்றி எழுதுவேன்?’ என்று வைத்தியர் சினப்பர். அவர் சினம் உண்மையானதே. அமெரிக்காவின் ஒரு வைத்தியசாலையிலே, கம்பனிச் செலவில் உல்லாச இடங்களில் நடந்த இரு கருத்தரங்குகளுக்குச் சென்ற வைத்தியரைப் பற்றி 1992ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுட் பெரும்பாலோர் தம் மருந்தெழுதும் முறை மாறாது என்றே நம்பினர். கருத்தரங்கின் பின்னர் ஒரு மருந்தின் பாவனை சராசரி 81 அலகிலிருந்து 272 அலகாக உயர்ந்தது. அவர்கள் பொய்யரல்லர், தம் நெஞ்சத்தைத் தாம் அறியாதவர், அவ்வளவே. உப்பிட்டவரை மறவாமை எம்மவர் பண்பு. எவ்வளவு நல்ல பண்பு! அப்பண்பே இவ்விடத்திற் கண்ணை மறைக்கின்றது.

ஆகவே உரையின் முதற்பக்கத்திலேயே, எக்கம்பனியிடமிருந்து எதைப் பெற்றேன், அல்லது ஒன்றும் பெறவில்லை என்று எழுதுதல் முறையாகும். பெற்றவர் எல்லாரும் திரித்துக் கூறுவர் என்பது இதன் கருத்தன்று. எடைபோடும் உரிமை அவையோர்க்கு உண்டு என்பதே கருத்து. மருந்தை வியாபாரப் பெயராற் கூறாது பொதுப் பெயராற் கூறுதலும் வேண்டும். இதனை இந்நாட்டார்க்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பேராசிரியர் சேனக்க பிபிலேயின் முயற்சியால் 1971ஆம் ஆண்டில் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியபோது, வியாபாரப் பெயர்களின் காட்டிலிருந்து வேண்டிய மருந்துகளைப் பொதுப் பெயராற் பொறுக்கியெடுக்கும் நெறியை இலங்கை உலகுக்கே காட்டிற்று. 1977ஆம் ஆண்டில் அவர் காலமான பின்னரும் வளர்முக நாடுகள் பல அவர் நெறியை எடுத்துக்காட்டாகக் கொண்டன.

இனி எமக்கு உரிய துறையாகிய மொழிக்கு வருவோம். யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே 1848ஆம் ஆண்டு முதல் மேனாட்டு வைத்தியத்தைக் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன் வைத்தியர், பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தும், உடற்கூறு முதலிய நூல்களைத் தமிழாக்கியும் பெருந்தொண்டாற்றினார். அவர் முன் நின்ற இடர் பெரும்பாலும் பொருளின் பெயரைப் பற்றியது: இவ்வெலும்புக்கு என்ன பெயர், அந்நரம்புக்கு என்ன பெயர் என்பது. எம்முன் நிற்கும் இடர் வேறு. பெயர்ச்சொற்கள் இன்று கலைச்சொற்றொகுதிகளில் உள. வினைமுற்றிலேதான் உண்மை நழுவுகின்றது.

ஆய்வாளர் ‘குறைக்கக்கூடும்’ என்று எழுதியிருப்பார். உரையிலே அது ‘குறைக்கும்’ என்றாகிவிடும். ஆய்வாளர் ‘தொடர்புடையதுபோலும்’ என்றிருப்பார். உரையிலே ‘காரணமாகும்’ என்று முடியும். தமிழிலே ஐயத்தின் படிகளைக் காட்டுதற்கு எத்தனை உருவங்கள்! கூடும், ஆகலாம், போலும், ஒருகால், ஏறத்தாழ, பெரும்பான்மை, சிறுபான்மை என்று இவ்வளவு கருவிகளையும் வைத்துக்கொண்டு, மேடையேறியதும் ‘ஆகும்’ ஒன்றையே பற்றிக்கொள்வது ஏனோ? கம்பீரமாக ஒலிப்பதாலேதான் போலும். ‘கருதப்படுகின்றது’ என்னும் செயப்பாட்டு வினையிலும் எமக்கு நம்பிக்கை குறைவு. கருதியவர் யார்? அவரை மறைக்கவே அவ்வினை வந்ததாயின், உரையாற்றுவோர்க்கும் அவர் யாரெனத் தெரியாது என்று கொள்ளலாம்.

மற்றொரு சொல்லும் உண்டு. ஆய்வுகளில் இரு திறத்தார்க்குமிடையே கண்ட வேறுபாடு தற்செயலால் வந்திருத்தல் அரிது என்பதைக் குறிக்கப் புள்ளிவிபரவியலார் ஒரு சொல்லை வழங்குகின்றனர். அதனை எம்மவர் ‘முக்கியமான வேறுபாடு’ என்று பெயர்க்கின்றனர். கேட்போர் பெரிய வேறுபாடு என்று விளங்கிக்கொள்கின்றனர். ஆயிரக்கணக்கானோரை ஆய்விற் சேர்த்தால், குருதியமுக்கத்தில் ஓர் அலகு வேறுபாடும் தற்செயலன்று என்று நிறுவப்படலாம். ஆயினும் அவ்வோர் அலகால் நோயாளிக்கு வருவது ஒன்றுமில்லை. ‘தற்செயலெனக் கொள்ளலாகாத வேறுபாடு’ என்று நீட்டி எழுதினாலும் குற்றமில்லை, பொருள் மயங்காது. ‘அற்புதம்’, ‘புரட்சி’, ‘வரப்பிரசாதம்’ என்பவற்றை நாம் கண்ட இடமெல்லாம் செம்மையாற் கோடிட்டு வருகின்றோம். நன்னூலார் கூறும் நூற்குற்றங்களுள் மிகைபடக் கூறல் ஒன்று என்பது எமது மாணவர் அறிந்ததே. குன்றக் கூறலும் குற்றமே என்பதால், மருந்தின் தீய விளைவை ஒரு வரியில் முடிப்பவரையும் விடுவதில்லை.

படங்களைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். நிரற்படத்தின் அடிக்கோடு பூச்சியத்திலிருந்து தொடங்குகின்றதா எனப் பார்த்தல் வேண்டும். நாற்பதிலிருந்து தொடங்கினால் முயற்குட்டி யானையாகத் தோன்றும். ஒரு திரையில் ஒரு செய்தி போதும். நேரத்தின் மூன்றிலொரு பங்கு வினாக்களுக்கு விடப்படல் வேண்டும். ஏனெனில் கிராமத்து வைத்தியசாலையிலே நிகழ்வது யாதென்பது மேடையில் உள்ளவர்க்கு அன்றி, பின்வரிசையில் இருப்பவர்க்கே பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

தம் வைத்தியசாலையில் நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்காட்டாகக் கூறும்போது நோயாளியின் பெயரை நீக்கிவிட்டாற் போதும் எனச் சிலர் எண்ணுகின்றனர். வன்னியிலே அது போதாது. ஊர், வயது, தொழில், பாம்பு தீண்டிய மாதம் என்னும் நான்கையும் கூறிவிட்டால், அவையில் இருவராவது அவரை இன்னார் என்று அறிந்துகொள்வர். அவர்களுள் ஒருவர் உறவினராகவும் இருப்பர். நோயாளியின் உடன்பாட்டைப் பெறுதல் வேண்டும். பெறமுடியாவிடின், பாடத்துக்கு வேண்டாத அடையாளங்களையெல்லாம் நீக்குதல் வேண்டும். நோயாளி ஒருவரின் கதை அவையோர் மனத்தைத் தொடுவது. அதனாலேயே அதனை ஆயிரவரை நோக்கிய ஆய்வுக்கு மாற்றாக வைத்தலாகாது. ஆய்வு கூறியதை விளக்குதற்கு வேண்டுமாயின் கதையைக் கூறலாம்.

இறுதியாக, உரையின் பிரதியிலே எத்திகதிவரை சான்றுகளைத் தேடினேன் என்பதைக் குறித்துவைத்தல். இது சிறு செயல்போலத் தோன்றினும் மறக்கத்தகாதது. உரைகள் கைமாறும்; ஒருவர் தயாரித்த திரைகளை அடுத்தவர் பெற்று, பெயரை மாற்றி, ஐந்தாண்டு கழித்து மீண்டும் காட்டுவர். மலேரியாவின் கதையை எடுத்துக்கொள்வோம். 1934, 1935ஆம் ஆண்டுகளிலே இந்நாட்டில் ஏறத்தாழ எண்பதினாயிரம் உயிரைக் கொண்ட அந்நோய், 1963ஆம் ஆண்டில் 17 பேர் என்னும் அளவுக்கு ஒடுங்கிற்று. ஒழிந்தது என்றெண்ணிக் காவலைத் தளர்த்த, அந்த 60களின் இறுதியிலே மீண்டும் பேரளவிற் பரவிற்று. வன்னியிலே அதனால் நடுங்காத குடும்பம் இல்லை எனலாம். 2012ஆம் ஆண்டின் பின்னர் இந்நாட்டு நுளம்பால் இங்கேயே தொற்றி எழும் மலேரியா அற்றுப்போக, 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் உலக சுகாதார தாபனம் இலங்கையை மலேரியாவற்ற நாடெனச் சான்றளித்தது. பழைய உரையொன்றைத் திகதியின்றிப் பெற்ற ஒருவர், காய்ச்சல் என்றதும் வன்னி மலேரியாவையே முதலில் நினைக்குமாறு இன்றும் கூறக்கூடும். புதிய உரையொன்றைத் திகதியின்றிப் பெற்ற மற்றொருவர், அந்நோய் இனி வாராது என்றே கூறிவிடக்கூடும். வெளிநாட்டிலிருந்து மீண்ட ஒருவர் காய்ச்சலோடு மாங்குளத்து வைத்தியசாலைக்கு வரும்போது, ‘எந்த நாட்டிலிருந்து வந்தீர்?’ என்று கேட்கவேண்டும் என்பது அவ்வைத்தியரின் நினைவுக்கு வராமற் போகும்.